கடல் இழுக்குதா என்று கேட்பாயே

மேல் வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். காலையிலிருந்து கிழக்குக் காற்று அடிப்பதால் அந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கி என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நெத்திலிக் கருவாடு. கடலுக்கு யாரும் போகாத நாட்கள் இவை. மார்க்கெட்டில் மீன் கிடையாது, அதனால் தெருவெல்லாம் கருவாடு. எனக்குப் பசி வரவில்லை, பயம்தான் வந்தது. கருவாட்டு வாசனைக்குப் பயப்படுகிற ஒரே ஆள் இந்த வானகரத்தில் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவள் நீ.

நீ இல்லாத முதல் புயல் இது. டி.வி.யில் வெள்ளையாக ஒரு சக்கரம் கடல்மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கரையேறும் என்று காலையில் சொன்னார்கள். பிறகு, நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார்கள். அமாவாசை வேறு பக்கத்தில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முன்னறையில் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த அவருடைய வலது கையும் காலும் இன்னும் திரும்பி வரவில்லை. நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "இன்னாமே, கால்ல சக்கரம் கட்டிகினு கீறியா? கொஞ்சம் குந்து" என்றார். சும்மா உட்கார என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். எழுதிக்கொண்டாவது உட்காரலாமே என்று பேத்தியின் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேள்வி ஒன்றுதான். இவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதா, வேண்டாமா? தண்ணீர் வந்த பிறகு தூக்க முடியாது. முழங்கால் தண்ணீரில், கரண்ட் இல்லாத குறுகல் படியில், இந்த உடம்பைத் தூக்குகிற ஆள் நம் தெருவில் இல்லை. வருவதற்கு முன்னால் தூக்க வேண்டுமென்றால் அவர் சம்மதிக்க வேண்டும். அவரா? காலையில் நான் வாயைத் திறந்ததுமே, "மறுபடியும் ஆரம்பிக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனூரில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்காவது போய்விடலாம் என்றேன். இந்தக் காற்றில் எந்த ஆட்டோக்காரன் வருவான் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

நீ இருந்திருந்தால் எனக்கு இந்தத் தலைவலி இல்லை. நீ முடிவெடுத்திருப்பாய், நான் உன்னைக் குறை சொல்லிக்கொண்டே அதன்படி செய்திருப்பேன்.

உனக்கு வாய்த்தது மாதிரி ஒரு கல்யாணம் வேறு யாருக்கும் வாய்த்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா வீடு கூவம் கடலில் சேரும் இடத்துக் குப்பத்தில். வாழ வந்ததோ அதே கூவம் முதுகுப்புறமாகப் போகும் வானகரத்துத் தெருவில். "ஆத்த எதுத்துகினே நடந்து வந்துட்டேன்டி. நாத்தம் மட்டும் மாறவே இல்ல" என்று நீ சொல்லிச் சிரித்ததை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் எத்தனை முறை கேட்டிருப்பேன். அம்பத்தூரில் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் நீ மெஷினில் தைப்பாய், நான் செக்கிங்கில் இருப்பேன். நீ தைத்த சட்டையில் தையல் விட்டிருந்தால் நானே திருப்பி அனுப்புவேன். "ஒரே தெருக்காரின்னு ஒரு ஈவு எரக்கம் இல்ல உனக்கு" என்று மெஷினுக்குப் பின்னாலிருந்தே கத்துவாய்.

புயல் நேரத்தில் நீ வேறு ஆளாகிவிடுவாய். நாங்களெல்லாம் மழையைப் பார்ப்போம். பாரிவாக்கத்தில் பிறந்தவள் நான், எனக்கு ஏரியைப் பார்க்கத் தெரியும். மழை எவ்வளவு, ஏரி எவ்வளவு, மதகு திறந்தார்களா, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. நீ எங்கள் யாரையும் போலக் கேட்க மாட்டாய். டி.வி.யில் புயல் என்று வந்ததும் நீ கேட்கும் முதல் கேள்வி, "தெக்கயா வடக்கயா?" அடுத்தது, உன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கத்துவாய்: "டேய், கடலு இழுக்குதா?"

உன் தம்பி இன்றும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறான். கடைசித் தெரு, அதற்கப்புறம் மணல்தான், மணலுக்கப்புறம் தண்ணீர். "இழுக்குதுக்கா" என்று அவன் சொன்னால் நீ போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். "இல்லக்கா, தள்ளுது" என்று சொன்னால் அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுவாய். ஆற்றுத் தண்ணீரைக் கடல் தன்னிடம் இழுத்துக்கொள்கிறதா, இல்லை திருப்பித் தள்ளுகிறதா என்பதுதான் அந்த விசாரணை.

ஒருநாள் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் எனக்குப் புரிய வைக்கிறேன் என்று கிளம்பினாய். டிபன் பாக்ஸ் மூடியில் ரசத்தை ஊற்றினாய். "இதான் கடலு. நான்தான் காத்து" என்று வாயைக் குவித்து ஊதினாய். ரசம் உன் பக்கத்தில் வற்றி என் பக்கத்து விளிம்பில் குவிந்தது. "பாத்தியா, காத்து தொரத்தினு வந்தா தண்ணி கரையாண்டதான் ஏறும். எங்க போவும், பாவம்?" என்று இன்னும் பலமாக ஊதினாய். மூடியைத் தாண்டி என் புடவையெல்லாம் ரசம். நீ வருத்தப்பட்டாயா? "இப்ப ஊருக்குள்ள வந்துட்சி பாரு" என்று பாடத்தை முடித்தாய். மத்தியானம் முழுக்க நான் ரச வாசனையோடு சட்டை செக் பண்ணினேன்.

இப்போது டி.வி.யில் அதையேதான் அம்புக்குறி போட்டுச் சொல்கிறார்கள். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் அங்கே கடல் லேசாக உப்புகிறதாம். அதற்குமேல் காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. கரையோரக் கடல் ஆழம் குறைந்ததாக இருந்தால் தள்ளிவந்த தண்ணீர் கீழே போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து அமாவாசை ஏற்றமும் சேர்ந்துகொண்டால் இன்னும் ஏறும். நீ தெற்கா வடக்கா என்று கேட்டதும் சரிதான். புயல் சுற்றுகிற சுற்றில், அது கரையேறும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும், தெற்கே இருப்பவர்களுக்குக் கரையிலிருந்து போகும். நமக்குத் தெற்கே அது ஏறினால் கடல் நம் பக்கம் பொங்கும். நம்மைத் தாண்டி வடக்கே போய்விட்டால் நம் கடல் பின்வாங்கும். இந்த முறை தெற்கே என்கிறார்கள். அதனால்தான் எழுதும்போதே அடிக்கடி ஜன்னலைப் பார்க்கிறேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடல் நம் தெருவரைக்கும் ஏறிவராது. ஆற்றுவாயிலிருந்து ஊருக்குள் கொஞ்ச தூரம் ஏறும், அவ்வளவுதான், வானகரம் எங்கேயோ உள்ளே மேட்டில் இருக்கிறது. இவர் அன்றிலிருந்து இன்றுவரை சொல்வது அதைத்தான்: "மேலேர்ந்து ஏரித் தண்ணி வர்து, நம்ம ஊட்ல பூறுது. இதுல கடலு எங்கமே வந்துச்சி?" நீ விட்டுக்கொடுக்க மாட்டாய். "வர்ர தண்ணி வர்து அண்ணாத்தே. போற தண்ணி போவணுமில்ல? கீழ கதவ சாத்திகினா வரிசை எது வரைக்கும் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" உங்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யார் சொன்னது சரியாக இருந்தாலும் என் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது.

அந்தப் பெரிய வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தபோது தெருவே பொறுப்பாக இருந்தது. பிரிட்ஜ், பீரோத் துணி, பையன்களின் புத்தகம், ரேஷன் அரிசி எல்லாவற்றையும் மாடியில் ஏற்றினோம். காலையில் மழை நின்றது. வெயில்கூட அடித்தது. நம் பக்கத்து ஜனங்களுக்கு மழை நின்றால் வெள்ளமும் முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் சாமான்களை இறக்க ஆரம்பித்தோம். இவர் அப்போது திடமாக இருந்தார், பிரிட்ஜைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்காத குறை. நீ மாடிப்படியின் அடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாய்.

"எறக்காதீங்க! கடலு இன்னும் தள்ளினுதான் கீதாம். தம்பி இப்பத்தான் சொன்னான்."

"கடலு இன்னா, பஸ் புட்ச்சி வானகரம் வருதா தங்கச்சி?" என்றார் இவர். படியில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ கோபத்தோடு உன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மத்தியானம் முதலில் குளியலறை ஓட்டையில் தண்ணீர் கொப்பளித்தது. பிறகு தெருக்கோடியில் பளபளவென்று ஏதோ தெரிந்தது. நல்ல வெயில். வானம் நீலமாக இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அந்தக் காட்சியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மழையில் தண்ணீர் வந்தால் ஒரு நியாயம் இருக்கிறது, வெயிலில் வரும்போது யாரைத் திட்டுவது என்றே தெரியாது. பிரிட்ஜ் போயிற்று. பாய் தலையணை போயிற்று. இவர் இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு உன்னைப் பார்த்தார். நீ உன் வீட்டு மாடியிலிருந்து, "பஸ்ஸு வந்துட்சா அண்ணாத்தே?" என்று கேட்டாய். அத்தனை நஷ்டத்திலும் தெருவே சிரித்ததே, அது உன்னால்தான்.

அதோடு நின்றிருந்தால் இன்று இவர் நான் சொன்னதும் ஏறியிருப்பார். அடுத்த கதையும் இருக்கிறதே. இவருக்குப் பக்கவாதம் வந்த வருஷம் ஒரு புயல் வந்தது. உன் தம்பி தள்ளுகிறது என்றான். நீ ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். படித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது, வேட்டி நழுவியது, கீழே நின்ற பெண்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லேத்தில் நின்று வாழ்நாளெல்லாம் இரும்பைக் கடைந்தவர், ஒரு குழந்தையைப் போல அழுதார். சாயங்காலம் புயல் திசை மாறி வடக்கே போய்விட்டது. கடல் பின்வாங்கியது. தெருவில் ஒரு வாளித் தண்ணீர்கூட வரவில்லை.

"இனிமே என்ன பொணத்தத் தூக்கற மாதிரி தூக்காதீங்க. தண்ணி வந்தா வரட்டும். நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்" என்றார். ரொம்ப நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீதான் அவருக்குப் பிடித்த சுறாப் புட்டு செய்து எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "கடலு என்னிய ஏமாத்திட்சி அண்ணாத்தே, நான் இன்னா பண்ணட்டும்?" என்றாய். சாப்பிட்டார். மன்னித்தாரா என்று தெரியாது, தட்டைக் காலி செய்தார்.

பங்குனி வெயிலில் நீ போனாய். மார்வலி என்று ஆட்டோவில் ஏறினவள் திரும்பி வரவில்லை. உன் மகன் வீட்டைக் காலி செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டான். காரியத்தன்று உன் தம்பி என் எதிரில் வந்து நின்று, "எதுனா வோணும்னா கூப்புடுங்கக்கா" என்று தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்தான். நான் இதுவரை கூப்பிட்டதில்லை. என்ன பேசுவது? எங்கள் இருவருக்கும் நடுவில் நீ இருந்தாய். நீ இல்லாமல் அவன் யார், நான் யார்?

இவ்வளவும் எழுதும்போதே காற்று ஒரு சத்தம் போட்டது. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஆறு கரைக்குள்தான் இருந்தது, ஆனால் நேற்றைவிட மேலே. போனை எடுத்தேன். நீ கேட்பதைக் கேட்டுவிடுவோம், அவன் சொல்வதை இவரிடம் சொல்வோம், ஏற மாட்டேன் என்றால் கும்பிட்டுக் கேட்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மணி அடித்ததுமே எடுத்தான். "வானகரத்து அக்காதானே? நீங்க கூப்புடுவீங்கன்னு நெனச்சிகினே இருந்தேன்."

உன் கேள்வியை அப்படியே கேட்டேன். "கடலு இழுக்குதாப்பா?"

"இல்லக்கா, தள்ளுது. காலையிலேர்ந்து எறங்கவே இல்ல. ஆத்து வாயில மண்ணு மேட்டத் தாண்டி உள்ளார போவுது. கூவமே திரும்பி ஊருக்குள்ள ஓடற மாதிரி கீது."

"நீ எங்கப்பா கீற?"

"ஊட்லதான்."

"புள்ளைங்க?"

"எல்லாம் ஸ்கூல்ல கீதுங்கக்கா. நேத்தே வண்டி வந்து குப்பத்தையே ஏத்திகினு பூட்ச்சி. எங்க தெருவுல ஒருத்தரும் இல்ல."

"நீ மட்டும் அங்க இன்னாத்துக்கு கீற?"

சிரித்தான். சிரிப்பு உன்னுடையது மாதிரியே இருந்தது. "நீங்க கேப்பீங்களேக்கா. ஸ்கூல்லேர்ந்து பாத்தா கடலு தெரியாது."

எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றான். ஒவ்வொரு புயலுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளை அனுப்பிவிட்டு இவன் மட்டும் தங்கிவிடுவானாம். நீ போன் பண்ணி, "நாங்க மேல ஏறிட்டோம்டா" என்று சொன்ன பிறகுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவானாம். உனக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. ஊரோட ஸ்கூல்லதான் கீறேன், சொம்மா எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன்னுதான் அக்காவாண்ட சொல்லுவேன். தெரிஞ்சா கூப்புடுமா? இந்த தபா அக்கா இல்ல, யாரும் கூப்புட மாட்டாங்க, போயிடலாம்னுதான் நெனச்சேன். அப்பால, நீங்க கீழ் ஊட்லயே கீறீங்களே, மாமாவுக்கு வேற ஒடம்பு சரியில்ல, ஒருவேள கூப்டா இன்னா சொல்றதுன்னு…" அதற்குள் அவன் பக்கத்தில் ஏதோ தகரம் பறந்து விழுந்த சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லக்கா, பக்கத்து ஊட்டு கூரை" என்றான்.

நம் அரிசி மூட்டைக்கும் பிரிட்ஜுக்கும் ஒரு மனுஷனைக் கடலுக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தோம், உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நாங்க ஏறிட்டோம்பா! அப்பவே மாமாவத் தூக்கிகினு மேல வந்துட்டோம். மேல் ஊட்லேர்ந்துதான் பேசறேன். நீ கெளம்பு. இப்பவே கெளம்பு."

"ஏறிட்டீங்களா? அப்ப செரி. கெளம்பறேன்கா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. சத்தத்தைக் குறைத்திருந்தார்.

"யார்மே போன்ல? ஏறிட்டோம்னு யாராண்ட சொன்ன?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. கேட்டுவிட்டு இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி நாம சிரிச்சிகினு சாமான எறக்கனமே. அப்பவும் அவன் அங்கதான் நின்னுகினு இருந்தானா?"

"அப்பவும்தான்."

"புள்ள குட்டிக்காரன்மே அவன்" என்றார். பிறகு டி.வி.யைப் பார்த்தபடியே, "லோகுவக் கூப்புடு" என்றார்.

லோகு மேல் வீட்டுக்காரன், கால் டாக்ஸி ஓட்டுகிறான். நீ இருந்தபோதே குடிவந்தவன்தான். கருவாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்து வீட்டு டெம்போக்காரரையும் அவர் மகனையும் கூப்பிட்டான். இந்த முறை நாற்காலி வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். இடது கையை லோகுவின் கழுத்தில் போட்டுக்கொண்டார். மற்ற இருவரும் காலையும் இடுப்பையும் தாங்கினார்கள். நான் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். "பாத்துடா நைனா, செவுத்துல மோதாத. வண்டி பழசு" என்றார் இவர். லோகு சிரித்துவிட்டான். பிடி நழுவப் போய் எனக்கு உயிர் போய் வந்தது.

மீதியை மேல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவரை ஜன்னலோரம் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறோம். லோகுவின் மனைவி சோறும் கருவாடும் போட்டாள். அவர் சாப்பிட்டார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தானா என்ற நினைப்பில் நான் தட்டைத் தள்ளிவைத்தேன். மறுபடியும் போன் போட்டேன்.

"ஸ்கூல்லதான் கீறேன்கா" என்றான். "கிச்சடி போட்றாங்க."

அவன் பேச்சுக்குப் பின்னால் காற்று அடித்தது. காற்றுக்குப் பின்னால் கடல் அடித்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை, ஒரு பாத்திரம்கூட உருளவில்லை.

"ஒரு குப்பமே கீற ஸ்கூல்ல ஒரு புள்ளகூடவா கத்தல?" என்றேன்.

அவன் போனைக் கையால் பொத்தினான், காற்றுச் சத்தம் சட்டென்று அடங்கியது.

"டேய், எங்கடா கீற?"

"இல்லக்கா… ஏத்தம் முடியறது வரைக்கும் பாத்துட்டு, உங்களாண்ட சொல்லிட்டு…"

உன் வாயில் நான் கேட்ட கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மேல் வீட்டுக் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. கட்டிலிலிருந்து இவர், "இன்னும் போடு" என்றார். உன் தம்பி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அக்கா திட்ற மாதிரியே கீதுக்கா" என்றான், குரல் உடைந்துவிட்டது.

"போன வெக்காத. பேசிகினே நட" என்றேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பூட்டு கேட்டது. தண்ணீரில் கால் வைத்து நடக்கும் சத்தம் கேட்டது, அது எவ்வளவு ஆழம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. "கரண்ட் கம்பி பாத்து நட" என்றார் இவர், போன் பக்கம் தலையை நீட்டி. "செரி மாமா" என்றான். பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை லைன் கட் ஆனது. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடுத்தான். "மெயின் ரோடு வந்துட்டேன்கா." அதற்கப்புறம் வண்டி ஹாரன், யாரோ மைக்கில் கத்துவது, அண்டாவில் கரண்டி இடிக்கும் சத்தம், அதற்கு மேல் குழந்தைகள். எவ்வளவு குழந்தைகள். "நைனா எங்க போயிருந்த?" என்று ஒன்று கிட்டத்தில் வந்து கத்தியது. அப்போதுதான் வைத்தேன்.

தெருவுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. வரலாம். வராமல் போனால் இவர் நாளைக்கு என்னை முறைப்பார், முறைக்கட்டும், சுறாப் புட்டு செய்ய எனக்கும் தெரியும்.

நீ இருந்தால் முதலில் அவனைத் திட்டியிருப்பாய், அப்புறம் அவனுக்குத் தெரியாமல் போய் அழுதிருப்பாய். நான் இரண்டையும் செய்துவிட்டேன். உனக்குப் பதிலாகச் செய்தேனா எனக்காகச் செய்தேனா என்று தெரியவில்லை. இன்று காலையில் எனக்கு அவன் யாரோ. இப்போது அவன் சோறு தின்றானா, சட்டை ஈரமாக இருக்கிறதா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

இனி எந்தப் புயலிலும் நான் அவனிடம் கடலைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. அது இழுத்தால் இழுக்கட்டும், தள்ளினால் தள்ளட்டும், நாங்கள் முன்னாலேயே ஏறிவிடுவோம். ஏறிவிட்டுப் போன் போடுவேன். "கெளம்பிட்டியா?" என்று கேட்பேன். என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். பிள்ளைகள் சத்தம் கேட்கும்வரை வைக்க மாட்டேன்.